கையில் வலு இருந்தும் தேநீர் ஆற்ற இயலாமல் போனது ஏன்? தொழில்வழிச் சிகிச்சையாளர் உருவாகும் விதம்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மறுவாழ்வு மருத்துவப் பிரிவுக்கு 54 வயதுடைய ஒருவர் பக்கவாதச் சிகிச்சைக்குப் பின் அனுப்பப்பட்டார். முப்பது ஆண்டுகளாகத் தேநீர்க் கடையில் மாஸ்டராக இருந்தவர். மூளையின் இடப்பக்கத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டதால் அவருடைய வலக் கையும் வலக் காலும் தளர்ந்திருந்தன. பிசியோதெரபி தொடங்கிய ஆறு வாரங்களில் நடை சீரானது, கையும் தேறியது. தசை வலுவை ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பிட்டு எழுதுவது மருத்துவர்களின் வழக்கம். அவருடைய வலக் கைக்கு நாங்கள் ஐந்துக்கு ஐந்து எழுதினோம். 'நல்ல முன்னேற்றம்' என்று கோப்பில் குறித்து வீட்டுக்கு அனுப்பினோம்.

மூன்று வாரம் கழித்து அவருடைய மனைவி தனியாக வந்தார். "கை நன்றாகிவிட்டது என்று சொன்னீர்கள், டாக்டர். ஆனால் இன்று வரை சோற்றை நான்தான் ஊட்டுகிறேன். சட்டையைக் கையில் கொடுத்தால் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். வேண்டுமென்றே செய்கிறாரா, புத்தி கலங்கிவிட்டதா, ஒன்றும் புரியவில்லை. கோபத்தில் அவரைத் திட்டியும் விட்டேன்" என்று சொல்லி அழுதார்.

நாங்கள் மறுபடியும் அவரை வரவழைத்துச் சோதித்தோம். கையை உயர்த்தச் சொன்னால் உயர்த்தினார். விரல்களை இறுக்கிப் பிடிக்கச் சொன்னால் எங்கள் கை வலிக்கும் அளவுக்கு இறுக்கினார். சோதனைத் தாளில் குறையே இல்லை. அப்போது எங்கள் பிரிவில் தொழில்வழிச் சிகிச்சையில் முதுநிலைப் பட்டம் பயின்றுகொண்டிருந்த மாணவி ஒருவர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: "இவரைத் தேநீர் போடச் சொல்லிப் பார்த்தீர்களா?"

நாங்கள் பார்த்திருக்கவில்லை.

பயிற்சிச் சமையலறையில் அடுப்பு, பால், டிகாக்ஷன், சர்க்கரை, வடிகட்டும் துணிப்பை, இரண்டு குவளைகள், ஒரு கண்ணாடித் தம்ளர் ஆகியவற்றை அந்த மாணவி எடுத்து வைத்தார். வாழ்நாளில் எத்தனையோ ஆயிரம் தேநீர் ஆற்றிய அந்தக் கைகள் துணிப்பையை எடுத்தன, திருப்பிப் பார்த்தன, அதற்குள் சர்க்கரையைக் கொட்டின. பிறகு காலிக் குவளையை அடுப்பில் வைத்துவிட்டு அவர் அப்படியே நின்றார். கண்கள் கலங்கியிருந்தன. தாம் செய்தது தவறு என்பது அவருக்குத் தெரிந்தது. அடுத்து எதைச் செய்வது என்பதுதான் தெரியவில்லை.

அவர் வலுவை இழக்கவில்லை, அறிவையும் இழக்கவில்லை. ஒரு செயலை எந்த வரிசையில், எந்தப் பொருளைக் கொண்டு செய்வது என்று மூளை வகுக்கும் திட்டம் குலைந்திருந்தது. மருத்துவத்தில் இதற்கு 'அப்ராக்ஸியா' என்று பெயர். மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்ட பக்கவாதத்தில் இது மிகுதியாகக் காணப்படும். எங்கள் பாடநூல்களிலும் இது இருக்கிறது. ஆயினும் நாங்கள் தசையை அளந்தோம், செயலைப் பார்க்கவில்லை. அந்தப் பிழைக்கு விலையாக ஒரு குடும்பம் மூன்று வாரம் அவதிப்பட்டது.

அவரும் குடும்பத்தாரும் அளித்த இசைவுடன், அடையாளங்களைத் தவிர்த்து, இதை எழுதுகிறோம். உங்கள் படுக்கையருகே வந்து "காலையில் பல் துலக்குவது எப்படி? நீங்களே செய்கிறீர்களா?" என்று கேட்கும் அந்த இளைஞர்கள் யார், என்ன படித்து வந்திருக்கிறார்கள் என்பதை நீங்கள் அறிந்திருப்பது நல்லது.

'தொழில்' என்னும் சொல்

ஆக்குபேஷனல் தெரபியைத் தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என்கிறோம். பெயரைக் கேட்டதும், "எனக்குத்தான் வேலையிலிருந்து ஓய்வு கிடைத்துவிட்டதே, எனக்கு எதற்கு?" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. பள்ளியில் இலக்கண வகுப்பில் 'தொழிற்பெயர்' படித்ததை நினைவுகூர்ந்தால் குழப்பம் தீரும். உண்ணல், உடுத்தல், குளித்தல், நடத்தல், எழுதல் ஆகிய எல்லாமே தொழிற்பெயர்கள்தாம். இங்கும் தொழில் என்பது செயலையே குறிக்கிறது. காலையில் எழுந்தது முதல் இரவில் உறங்கும் வரை ஒருவர் செய்தாக வேண்டிய, செய்ய விரும்புகிற செயல்கள் யாவும் அதில் அடங்கும். பேரனுக்குத் தலை வாரிவிடுவதும் தொழில்தான். வாசலில் கோலம் போடுவதும் தொழில்தான்.

பிசியோதெரபி உடலின் அசைவையும் வலுவையும் மீட்டுத் தருகிறது. அந்த அசைவைக் கொண்டு ஒருவர் தம் வாழ்க்கையை மீண்டும் நடத்த உதவுவது தொழில்வழிச் சிகிச்சை. ஒன்றுக்கு மற்றொன்று மாற்று ஆகாது. பெரும்பாலான நோயாளிகளுக்கு இரண்டும் வேண்டும்.

இத்துறை வந்த வழி

1917ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில் ஆறு பேர் கூடி இத்துறைக்கான முதல் சங்கத்தை நிறுவினர். அவர்களுள் ஒருவரான ஜார்ஜ் பார்ட்டன் கட்டடக் கலைஞர். காசநோயாலும் இடப்பக்கச் செயலிழப்பாலும் துன்புற்றவர். கைவேலையாலும் தோட்ட வேலையாலும் தாம் தேறிய அனுபவத்தையே அவர் பிறருக்கும் கொண்டு செல்ல விரும்பினார். இத்துறையின் தொடக்கத்திலேயே ஒரு நோயாளியின் அனுபவம் இருந்தது என்பதை எங்கள் மாணவர்களுக்கு நாங்கள் மறவாமல் சொல்வதுண்டு.

இந்தியாவில் இதற்கான முதல் கல்விக்கூடத்தை 1950இல் மும்பையில் தொடங்கியவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, இந்நாட்டையே தம் நாடாக ஏற்றுக்கொண்டவர் அவர். 1952இல் தொழில்வழிச் சிகிச்சையாளர்களின் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதை நிறுவிய பத்து நாடுகளுள் இந்தியாவும் ஒன்றாக இருந்தது.

தமிழ்நாட்டில் மறுவாழ்வு மருத்துவத்தைப் பற்றிப் பேசும்போது வேலூரை விட்டுவிட முடியாது. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திய மருத்துவர் பால் பிராண்ட், விரல் நிமிர்ந்தால் மட்டும் போதாது என்பதை விரைவிலேயே உணர்ந்தார். நிமிர்ந்த விரல்களைக் கொண்டு பிழைக்க ஒரு தொழிலும் வேண்டும் என்று, நோயாளிகள் தங்கிக் கைத்தொழில் கற்க அங்கே ஓர் இல்லம் அமைக்கப்பட்டது. அவருடன் பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவத்தில் பயிற்சி பெற்று அத்துறையை வேலூரில் வளர்த்தார். 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பட்டப்படிப்பும் முதுநிலையும்

நம் நாட்டில் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஆக, மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் உள்ளிட்ட அறிவியல் பாடங்களைப் பயின்று, பி.ஓ.டி. எனப்படும் இளநிலைப் பட்டத்தில் சேர வேண்டும். நான்கு ஆண்டுப் பாடமும் அதைத் தொடர்ந்து மருத்துவமனைப் பயிற்சிக் காலமும் கொண்டது அது. உடற்கூறு, உடலியங்கியல், நரம்பியல், மனநலம், குழந்தை வளர்ச்சி ஆகியவற்றை மாணவர்கள் கற்கின்றனர். படிப்புக் காலத்தில் நோயாளிகளுடன் குறைந்தது 1,000 மணி நேரக் களப்பயிற்சி இருக்க வேண்டும் என்பது உலகக் கூட்டமைப்பு வகுத்துள்ள தரம்.

அதன் பின் விரும்புவோர் சேர்வது எம்.ஓ.டி. எனப்படும் இரண்டாண்டு முதுநிலைப் பட்டம். நரம்பியல், குழந்தைகள் நலம், கை மறுவாழ்வு, மனநலம், எலும்பு மற்றும் மூட்டு எனப் பிரிவுகள் உண்டு. ஆகவே எங்கள் பிரிவில் 'முதுநிலை மாணவர்' என்று நீங்கள் சந்திப்பவர் பட்டம் பெற்ற, பயிற்சி முடித்த சிகிச்சையாளர்; ஒரு துறையில் ஆழ்ந்து கற்க வந்திருப்பவர். "மாணவர் வேண்டாம், பெரிய டாக்டரே பார்க்கட்டும்" என்று சிலர் சொல்வதுண்டு. உங்கள் தயக்கம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் தேநீர் மாஸ்டருக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கண்டுபிடித்தவர் அந்த மாணவிதான். பெரிய டாக்டர்களாகிய நாங்கள் அல்லர்.

இரண்டு ஆண்டுகளில் எதைக் கற்கிறார்கள்?

முதலாவது, செயலைப் பகுத்துப் பார்க்கும் கலை. நாம் ஒரே மூச்சில் செய்துவிடும் ஒரு வேலையில் எத்தனை படிகள் இருக்கின்றன, ஒவ்வொரு படிக்கும் கண், கை, நினைவு, கவனம் ஆகியவற்றுள் எது வேண்டும், நோயாளி தடுமாறுவது எந்தப் படியில் என்று பிரித்துக் காண வேண்டும். சோறு பிசைந்து உண்பதையே எடுத்துக்கொள்வோம். குழம்பு ஊற்றிய சோற்றின் சூட்டை விரல் நுனி உணர வேண்டும். ஐந்து விரல்களும் ஒன்றுகூடிக் கவளம் பிடிக்க வேண்டும். மணிக்கட்டு திரும்ப வேண்டும். கட்டைவிரல் கவளத்தை வாய்க்குள் தள்ள வேண்டும். கரண்டியால் உண்பதற்குத் தேவைப்படும் அசைவுகள் வேறு, கையால் உண்பதற்குத் தேவைப்படும் அசைவுகள் வேறு.

இங்கேதான் முதுநிலை ஆய்வுக்கு வேலை இருக்கிறது. இத்துறையின் மதிப்பீட்டு முறைகளுள் பல மேலைநாடுகளில் உருவானவை. முள்கரண்டி பிடிப்பதையும் சட்டைப் பொத்தான் போடுவதையும் அவை கேட்கும். சேலைக் கொசுவம் மடிப்பதையும், லுங்கி கட்டுவதையும், தரையில் சம்மணமிட்டு அமர்ந்து எழுவதையும் கேட்கமாட்டா. நம் மக்களின் வாழ்க்கைக்கு ஏற்ப அவற்றை மாற்றியமைத்து, மாற்றியமைத்தது சரியாக அளக்கிறதா என்று சோதிப்பது முதுநிலை மாணவர் எடுத்துக்கொள்ளத்தக்க ஆய்வு. ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆய்வேட்டை எழுதி முடிக்க வேண்டும். நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்த பின்னரே நோயாளிகளை ஆய்வில் சேர்க்கலாம்.

இரண்டாவது, நோயாளியின் விருப்பத்தை அளக்கும் முறை. கனடாவில் உருவான ஒரு மதிப்பீட்டு முறை உண்டு. எந்தெந்தச் செயல்கள் உங்களுக்கு முக்கியம் என்று அது நோயாளியையே கேட்கிறது. அவற்றுள் முதன்மையானவற்றை எடுத்து, இப்போது எவ்வளவு நன்றாகச் செய்கிறீர்கள், அதில் எவ்வளவு மனநிறைவு என்று பத்துக்கு மதிப்பெண் இடச் சொல்கிறது. மதிப்பெண் இடுபவர் நோயாளி, மருத்துவர் அல்லர். தேநீர் மாஸ்டர் மூன்றைச் சொன்னார்: தாமே சோறு உண்பது, லுங்கி கட்டுவது, தேநீர் ஆற்றுவது. எங்கள் கோப்பில் அந்த மூன்றில் ஒன்றுகூட அதுவரை இடம்பெறவில்லை.

மூன்றாவது, கைவினைத் திறன். வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் தகட்டை நோயாளியின் கையளவுக்கு வெட்டி, மணிக்கட்டும் விரல்களும் சரியான நிலையில் நிற்கும்படி ஸ்பிளின்ட் வார்த்துத் தருகிறார்கள். தகடு ஆறி இறுகுவதற்கு முன் சில நிமிடங்களே இருக்கும். விளிம்பு சற்றுக் கூர்மையாக நின்றாலும் உணர்ச்சி குன்றிய தோலில் புண் ஏற்படும். இது நூலால் மட்டும் வருவதன்று; பல கைகளில் பழகிப் பழகி வருவது.

நான்காவது, வீட்டைப் பார்க்கும் கண். கழிப்பறை வாசலின் அகலம் என்ன, சக்கர நாற்காலி நுழையுமா, கைப்பிடி எந்த உயரத்தில் வேண்டும் என்று அளக்கிறார்கள். வாசற்படிக்குச் சரிவுப் பாதை அமைப்பதாயின் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது பொதுக் கணக்கு. இடமின்மையால் அதைச் செங்குத்தாகக் கட்டிவிட்டு, பின்னால் தள்ளுபவரும் சேர்ந்து சறுக்கி விழுந்த நிகழ்வுகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். கொத்தனாரை அழைப்பதற்கு முன் சிகிச்சையாளரிடம் ஒரு சொல் கேளுங்கள்.

மீண்டும் அந்தச் சமையலறையில்

மாணவி தேநீர் போடும் வேலையை 11 படிகளாகப் பிரித்தார். பொருள்களை இடமிருந்து வலமாக வரிசையில் வைத்தார். ஒவ்வொரு படியிலும் தவறு நேர்வதற்கு முன்பே நோயாளியின் கையைத் தம் கையால் வழிநடத்தினார். தவறு செய்யவிட்டுத் திருத்தினால் இத்தகைய நோயாளிகளின் மனத்தில் தவறான வரிசையும் பதிந்துவிடக்கூடும். ஆகவே பிழை நேராமல் கற்பிப்பது ஒரு முறை. கையுதவியைப் பின்னர் சிறிது சிறிதாகக் குறைத்தார். மூன்றாம் வாரத்தில் குவளைகளையும் துணிப்பையையும் நோயாளியின் கடையிலிருந்தே கொண்டுவரச் சொன்னார். பழகிய பொருள் கைக்கு வந்ததும் தடுமாற்றம் கண்கூடாகக் குறைந்தது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அப்ராக்ஸியாவில் ஒரு செயலைக் கற்றுக்கொண்டால் மற்றச் செயல்களும் தாமாகத் திரும்பிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. தேநீருக்குத் தனிப் பயிற்சி. லுங்கிக்குத் தனிப் பயிற்சி. எதற்குப் பயிற்சி அளிப்பது என்ற தேர்வு அதனால்தான் முக்கியமாகிறது. அந்தத் தேர்வு நோயாளியுடையதாக இருக்க வேண்டும் என்பதும் அதனால்தான்.

மகள் கேட்ட கேள்வி

பயிற்சி நாள்களில் தந்தையை அழைத்து வந்தவர் அவருடைய மகள். உளவியலில் இளநிலைப் பட்டம் பெற்றவர். ஒரு நாள் எங்களிடம் கேட்டார்: "டாக்டர், இதை நான் படிக்க முடியுமா? நேராக முதுநிலையில் சேரலாமா?"

இதே கேள்வியை வேறு குடும்பங்களின் பிள்ளைகளும் கேட்பதால் விடையை இங்கே தருகிறோம். இந்தியாவில் நேரடியாக முதுநிலையில் சேர வழியில்லை. எம்.ஓ.டி.க்குத் தகுதி பி.ஓ.டி. பட்டமே, வேறு பாடத்தில் பட்டம் பெற்றவரும் இளநிலையின் முதலாண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். பிரிட்டனில் வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்கள் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பின் மூலமே சிகிச்சையாளராகப் பதிவுபெறும் வழி உண்டு. அமெரிக்காவிலும் முதுநிலை அல்லது முனைவர் நிலைப் பட்டத்தின் வழியாகவே இப்பணிக்குள் நுழைகிறார்கள். அதன் பின் தேசிய அளவிலான தேர்வும் உண்டு. அத்தகைய பட்டத்துடன் தாய்நாடு திரும்பிப் பணியாற்ற எண்ணுபவர்கள், அது இங்கே ஏற்கப்படுமா என்பதைக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே எழுத்து வடிவில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

நம் நாட்டில் 2021ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, தொழில்வழிச் சிகிச்சை உள்ளிட்ட துணை மருத்துவப் பணிகளை ஒரு தேசிய ஆணையத்தின் கீழ்க் கொண்டுவந்துள்ளது. சேர்க்கை முறையும் பாடத்திட்டமும் மாறிவரும் காலம் இது. எனவே விளம்பரத்தை நம்பிச் சேராமல், கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது, உரிய அங்கீகாரம் உள்ளதா, களப்பயிற்சிக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா என்ற மூன்றையும் விசாரியுங்கள்.

அந்தப் பெண்ணிடம் இவற்றோடு இன்னொன்றும் சொன்னோம்: "முடிவெடுக்கும் முன் ஒரு வாரம் இங்கே உட்கார்ந்து பாருங்கள். தந்தையின் மீதுள்ள அன்பு ஒரு நல்ல தொடக்கம். ஆனால் அறிமுகமே இல்லாத ஒருவர் ஐம்பதாவது முறையாகச் சட்டையைத் தலைகீழாக அணியும்போதும் அதே பொறுமை உங்களிடம் இருக்குமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்."

குடும்பத்தாருக்குச் சில சொற்கள்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன், "இவர் தாமே எதை எதைச் செய்வார், எதற்கு உதவி வேண்டும்?" என்று எங்களைக் கேளுங்கள். "கை கால் எப்படி இருக்கிறது?" என்று மட்டும் கேட்டால் எங்கள் விடையும் கை காலோடு நின்றுவிடும்.

வீட்டில் அவர் தடுமாறும் செயலைக் குறித்து வைத்து, அடுத்த முறை வரும்போது சொல்லுங்கள். 'சாப்பிட முடியவில்லை' என்பதைவிடத் 'தட்டிலிருந்து எடுக்கிறார், வாய்க்குக் கொண்டுபோகும்போது சிந்துகிறது' என்பது எங்களுக்கு மிகவும் உதவும்.

அன்பின் மிகுதியால் எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடாதீர்கள். அவர் பத்து நிமிடத்தில் செய்வதை நீங்கள் ஒரு நிமிடத்தில் செய்துவிடலாம். அந்த ஒன்பது நிமிடங்களில் நடப்பதுதான் சிகிச்சை. அதே வேளையில், உங்கள் களைப்பையும் எங்களிடம் மறைக்காதீர்கள். உதவுபவர் சோர்ந்துபோனால் சிகிச்சையும் நின்றுபோகும்.

மாணவர் ஒருவர் உங்களை ஆய்வில் சேர்க்க விரும்பினால் அதன் நோக்கத்தை உங்கள் மொழியில் விளக்கி, எழுத்து வடிவில் இசைவு பெற வேண்டும். மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மறுத்தாலும் சிகிச்சையில் எவ்விதக் குறையும் இராது.

தேநீர் மாஸ்டர் இன்று முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடவில்லை. கடையில் நெரிசலான நேரத்தில் அடுப்புப் பக்கம் நிற்பவர் அவருடைய மைத்துனர். இவர் கல்லாவில் இருக்கிறார். ஆனால் சோற்றைத் தாமே பிசைந்து உண்கிறார். பிற்பகலில் கூட்டம் குறைந்த பின் வழக்கமான நான்கைந்து பேருக்கு அவரே தேநீர் ஆற்றித் தருகிறார். மனைவிக்கு நாள்தோறும் காலையில் முதல் தேநீர் அவர் கையால்தான்.

மகள் சொன்னபடியே ஒரு வாரம் எங்கள் பிரிவில் வந்து அமர்ந்தார். இன்னும் முடிவெடுக்கவில்லை என்றார். கையில் ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். அதன் முதல் பக்கத்தில் 'தேநீர்' என்று தலைப்பிட்டு 11 படிகளையும் எழுதி, அவற்றின் கீழே தாமாகவே பன்னிரண்டாவது படி ஒன்றைச் சேர்த்திருந்தார்: 'அப்பா முதலில் குடித்துப் பார்க்கட்டும்.' எங்கள் மாணவியின் பட்டியலிலும் இப்போது அது சேர்ந்துவிட்டது.